புது மெட்டல், சுயாதீன இசையைத் தேடிப் பிடிப்பது எப்படி? கோலாலம்பூரிலிருந்து சில கேள்வி பதில்கள்

கிக் (சின்ன நேரடி இசை நிகழ்ச்சி) முடிந்து வெளியே நிற்கும்போதும், மாமாக் கடையில் தே தாரிக் வருவதற்குள்ளும், வாட்சாப்பில் நள்ளிரவிலும் தம்பிகளும் தங்கைகளும் மெட்டல் என்ற கனத்த ராக் இசையைப் பற்றியும் சுயாதீன இசையைப் பற்றியும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது.

புது ஆல்பங்கள் எந்த நாளில் வருகின்றன?

வெள்ளிக்கிழமை. 2015 ஜூலை 10 முதல் உலகம் முழுக்க அப்படித்தான். அதற்கு முன் அமெரிக்காவில் செவ்வாய், பிரிட்டனில் திங்கள் என்று ஆளுக்கொரு நாள் வைத்திருந்தார்கள். ஸ்பாட்டிஃபை மாதிரியான தளங்களில் பெரும்பாலும் அந்தந்த நாட்டு நள்ளிரவுக் கணக்கு என்பதால், வியாழன் இரவு பன்னிரண்டைத் தாண்டியதும் நமக்குத் திறந்துவிடும். லண்டன்காரர்கள் அப்போதுதான் வேலை முடிந்து வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருப்பார்கள். பேண்டுகளே தங்கள் இசையை விற்கும் தளமான பேண்ட்கேம்ப்பில் அப்படிச் சொல்ல முடியாது, சில ஆல்பங்கள் நமக்கு வெள்ளி பிற்பகலிலோ மாலையிலோதான் முழுதாகத் திறக்கும். அப்புறம், சின்ன பேண்டுகளுக்குக் கிழமையெல்லாம் கிடையாது. டெமோ (ஆல்பத்துக்கு முந்தைய எளிய பதிவு) தயாரானால் செவ்வாய் மதியம்கூடப் போட்டுவிடுவார்கள், அதனால் வெள்ளியை மட்டும் நம்பியிருக்க வேண்டாம்.

ஸ்பாட்டிஃபையே பரிந்துரைக்கிறதே, அது போதாதா?

பாதி வேலைக்குப் போதும். அதன் பரிந்துரைப் பட்டியல்களில் ரிலீஸ் ரேடார் வெள்ளிதோறும் மாறும், டிஸ்கவர் வீக்லி திங்கள்தோறும் மாறும். ரிலீஸ் ரேடார் ஒழுங்காக வேலை செய்ய வேண்டுமென்றால் பிடித்த பேண்டுகளின் பக்கத்துக்குப் போய் ஃபாலோ பொத்தானைத் தட்டியிருக்க வேண்டும், பாட்டுக்கு லைக் போட்டால் மட்டும் போதாது.

ஆனால் ஸ்பாட்டிஃபையின் பரிந்துரைக் கணக்கு (அல்காரிதம்), நீங்கள் ஏற்கெனவே கேட்டதைப் போலவே இருப்பதைத்தான் கொண்டுவந்து தரும். சுங்கை பட்டாணியில் நான்கு பையன்கள் சேர்ந்து போட்ட முதல் டெமோ அதில் வரவே வராது, ஏனென்றால் அதைக் கேட்டவர்களே நாற்பது பேர் இருப்பார்கள். இதில் காசு விஷயமும் இருக்கிறது. 2024 முதல், பன்னிரண்டு மாதத்தில் 1,000 முறைகூட ஓடாத பாட்டுக்கு ஸ்பாட்டிஃபை ராயல்டி தருவதில்லை. நம் ஊர் பேண்டுகளில் எத்தனை பாட்டு அந்த எண்ணிக்கையைத் தொடும் என்று நினைத்துப் பாருங்கள். அங்கே கேளுங்கள், தப்பே இல்லை, ஆனால் பிடித்துப்போனால் வேறு இடத்தில் போய்க் காசு கொடுத்து வாங்குங்கள்.

அப்படியானால் நீங்கள் எப்படித்தான் தேடுகிறீர்கள்?

பெயர்களைப் பின்தொடர்கிறேன். மற்ற பதில்களை விட்டாலும் இதை மட்டும் விடாதீர்கள். ஓர் ஆல்பம் பிடித்துவிட்டால் எல்லாரும் அதே பேண்டின் முந்தைய ஆல்பத்துக்குத்தான் போவார்கள். அதற்கு முன் அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள், பேண்ட்கேம்ப் என்றால் பக்கத்தின் அடியில் இருக்கும் சின்ன எழுத்தைப் படியுங்கள். யார் தயாரித்தது, யார் மிக்ஸ் செய்தது, எந்த ஸ்டுடியோ, விருந்தாளியாக வந்து வாசித்தது யார், அட்டைப்படம் வரைந்தது யார் என்று பாருங்கள். ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் பத்து ஆல்பங்கள் இருக்கின்றன.

ஓர் உதாரணத்தை முழுசாகச் சொல்கிறேன். டெக்சஸ் மாநிலத்து டல்லஸிலிருந்து வந்த த்ராஷ் (வேகமான மெட்டல் வகை) பேண்ட் பவர் டிரிப். அவர்களுடைய 2017 ஆல்பமான 'நைட்மேர் லாஜிக்' பிடித்துவிட்டது என்று வையுங்கள். தயாரிப்பாளர் பெயர் ஆர்தர் ரிஸ்க். அந்தப் பெயரைத் தேடினால் எடர்னல் சாம்பியன், சூமர்லாண்ட்ஸ் என்று அவரே உறுப்பினராக இருக்கும் இரண்டு பேண்டுகள் கிடைக்கும். இரண்டும் பழைய பாணி ஹெவி மெட்டல், கத்தல் கிடையாது, நல்ல பாட்டுக்குரல். அதே பெயரைப் பிடித்துக்கொண்டு இன்னும் போனால் ப்ளட் இன்கேன்டேஷன் வரும். அவர்களுடைய 2024 ஆல்பமான 'அப்சல்யூட் எல்ஸ்வேர்' பெர்லினில் ஹன்சா ஸ்டுடியோவில் ரிஸ்க்கோடு சேர்ந்து பதிவானது. ஆல்பத்தில் இருப்பது இரண்டே பெரிய பகுதிகள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய இருபது நிமிடம், டெத் மெட்டல் (உறுமல் குரலில் வரும் கடுமையான மெட்டல்) ஓடிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று எழுபதுகளின் ஜெர்மன் சிந்தசைசர் இசைக்குள் விழுந்துவிடும். அந்த சிந்தசைசருக்கு வந்தவர் டேஞ்சரின் ட்ரீம் குழுவைச் சேர்ந்தவர். சரி, இங்கே பாதை இரண்டாகப் பிரிகிறது. ஒரு பக்கம் போனால் டேஞ்சரின் ட்ரீமின் அரை நூற்றாண்டு மின்னணு இசை. இன்னொரு பக்கம், ப்ளட் இன்கேன்டேஷன் ஆட்களே வாசிக்கும் ஸ்பெக்ட்ரல் வாய்ஸ் என்ற மெதுவான, இருண்ட டூம் டெத் பேண்ட். அது டார்க் டிசென்ட் என்ற கொலராடோ லேபிளில் (இசை வெளியீட்டு நிறுவனத்தில்) இருக்கிறது, அந்த லேபிளின் பட்டியலைத் திறந்தால் ஒரு வருடத்துக்கு வேறெதுவும் தேட வேண்டாம்.

த்ராஷில் ஆரம்பித்து எங்கே வந்து நிற்கிறோம் பாருங்கள். இதில் ஒரு திருப்பத்தைக்கூட எந்தப் பரிந்துரைக் கணக்கும் எடுத்திருக்காது என்று நிச்சயமாகச் சொல்வேன், ஏனென்றால் இவை ஒன்றுக்கொன்று சத்தத்தில் ஒத்துப்போகவில்லை, மனிதர்களால் இணைந்திருக்கின்றன.

அட்டைப்படத்தையும் லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். டான் சீக்ரேவ் வரைந்த அட்டைகளை மட்டும் வரிசையாகப் பிடித்தாலே 1989 முதல் 1991 வரையிலான டெத் மெட்டலின் முக்கியமான ஆல்பங்களில் நிறைய கைக்கு வந்துவிடும். மார்பிட் ஏஞ்சல், என்டூம்ட், டிஸ்மெம்பர், சஃபோகேஷன் எல்லாமே அதில் அடங்கும்.

எந்த லேபிள்களைப் பின்தொடர்வது?

பெரியவற்றை நீங்கள் தேட வேண்டியதில்லை, நியூக்ளியர் ப்ளாஸ்ட், செஞ்சுரி மீடியா எல்லாம் தானாகவே கண்ணில் படும். சின்னவைதான் தங்கம். டார்க் டிசென்ட், ட்வென்டி பக் ஸ்பின், கனடாவின் ப்ரொஃபவுண்ட் லோர், இவை மூன்றும் ஆரம்பத்துக்கு நல்லவை. இந்தியாவிலிருந்து இயங்கும் டிரான்ஸெண்டிங் ஆப்ஸ்க்யூரிட்டி, தன் பேண்டுகளிலிருந்து ஆளுக்கொரு பாட்டு எடுத்துப் பெரிய சாம்ப்ளர் தொகுப்புகளை பேண்ட்கேம்ப்பில் போடும். ஞாயிற்றுக்கிழமை துணி மடித்துக்கொண்டே அதை ஓடவிட்டு, எந்த இடத்தில் கை நிற்கிறதோ அந்தப் பெயரை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். பெங்களூரு லேபிளான சைக்ளோப்பியன் ஐ 2015இல் இலங்கையின் ஜெனொசைட் ஷ்ரைன்ஸ் ஆல்பத்தை வெளியிட்டது. தெற்காசியாவிலிருந்து இவ்வளவு மூர்க்கமாக ஒன்று வரும் என்று தெரியாதவர்கள் அதிலிருந்து ஆரம்பிக்கலாம்.

மெட்டல் ஆர்க்கைவ்ஸ் தளத்தை எப்படிப் பயன்படுத்துவது? பார்த்தாலே குழப்பமாக இருக்கிறது.

2002 முதல் ரசிகர்களே கட்டிய களஞ்சியம் அது, அழகுக்காகக் கட்டியதல்ல. மேம்பட்ட தேடல் பக்கத்துக்குப் போங்கள். நாடு என்ற இடத்தில் மலேசியாவைத் தேர்ந்தெடுத்து, ஊர் என்ற இடத்தில் பினாங்கு என்றோ ஈப்போ என்றோ தட்டுங்கள். உங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி 1990களில் ஒரு பேண்ட் இருந்தது தெரியவரும். ஒரு பேண்டின் பக்கத்தில் உறுப்பினர் பெயர்களுக்குக் கீழே அவர்கள் வாசித்த மற்ற பேண்டுகள் வரிசையாக இருக்கும், மேலே நான் சொன்ன வேலைக்கு அதுதான் சரியான கருவி. வரப்போகும் ஆல்பங்களுக்குத் தனிப் பட்டியலும் உண்டு.

ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள், எது மெட்டல் எது இல்லை என்பதில் அவர்கள் ரொம்பக் கறார். மெட்டலோடு ஹார்ட்கோர் பங்க்கைக் கலக்கும் மெட்டல்கோர் பேண்டுகளில் நிறைய அங்கே இருக்காது. அதற்கு ரேட் யுவர் மியூசிக் தளம் நல்லது, வகை வாரியாகவும் ஆண்டு வாரியாகவும் பிரித்துப் பார்க்கலாம்.

பேண்ட்கேம்ப் ஃப்ரைடே என்கிறார்களே, நமக்கு எத்தனை மணிக்கு?

விற்பனையில் தன் பங்கை பேண்ட்கேம்ப் விட்டுக்கொடுக்கும் நாள் அது, அமெரிக்க மேற்குக்கரை நேரப்படி நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை. நம் கணக்கில் வெள்ளி பிற்பகல் 3 மணிக்கு ஆரம்பித்து சனி பிற்பகல் 3 மணிக்கு முடியும், அவர்களுடைய குளிர்காலத்தில் அது 4 மணி ஆகிவிடும். வெள்ளி காலையிலேயே எழுந்து வாங்கினால் அந்தச் சலுகை பேண்டுக்குப் போய்ச் சேராது, பொறுங்கள்.

மற்ற நாட்களில் பேண்ட்கேம்ப் டிஜிட்டல் விற்பனையில் 15 விழுக்காடும், சட்டை, சிடி மாதிரியான பொருள்களில் 10 விழுக்காடும் எடுத்துக்கொள்ளும். 2020 மார்ச்சில், கோவிட் நேரத்தில் கிக் எல்லாம் நின்றுபோனபோது, அந்தப் பங்கை ஒரு நாள் முழுக்க விட்டுக்கொடுத்து ஆரம்பித்த பழக்கம் இது. எல்லா மாதமும் வராது, தேதியை முன்கூட்டியே அறிவிப்பார்கள். நான் செய்வது என்னவென்றால், மாதம் முழுக்கப் பிடித்ததை விருப்பப் பட்டியலில் போட்டுவைத்துவிட்டு அந்த நாளில் மொத்தமாக உட்கார்ந்து வாங்குவேன். விலை டாலரில் இருக்கும், உங்கள் கார்டு வெளிநாட்டுப் பணத்துக்கு என்ன கட்டணம் பிடிக்கிறது என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

உள்ளூர் பேண்டுகளை எங்கே பிடிப்பது?

கிக்கில். வேறு வழி இருக்கிறது, ஆனால் இதைவிட நல்ல வழி கிடையாது. இடங்கள் மாறிக்கொண்டே இருக்கும், மூடும், வேறு பெயரில் திறக்கும். அம்பாங்கில் பல வருடம் நடந்த ரூமா அப்பி இன்று அங்கே இல்லை, ஆனால் அங்கே வளர்ந்தவர்கள் இன்னும் வாசித்துக்கொண்டிருக்கிறார்கள். பினாங்கில் சவுண்ட்மேக்கர் என்ற பெயரை அந்தத் தீவில் பேண்ட் வைத்திருந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இடத்தைப் பின்தொடர்வதோடு நிறுத்தாமல், கிக் போடுகிறவர்களையும் இன்ஸ்டாகிராமில் பின்தொடருங்கள், இடம் மூடினாலும் அவர்கள் அடுத்த மாதம் வேறெங்காவது போஸ்டர் ஒட்டிவிடுவார்கள்.

போனால் சீக்கிரம் போங்கள். ஐந்து பேண்ட் போஸ்டரில் இருந்தால் கடைசிப் பெயரைப் பார்க்க வருகிறவர்களே அதிகம், ஆனால் முதலில் ஏறுகிற பேண்டைத்தான் நீங்கள் வேறெங்கும் கேட்டிருக்க மாட்டீர்கள். வாசித்து முடித்ததும் பின்னால் இருக்கும் மெர்ச் மேசைக்கு வாருங்கள். மடிப்பு மேசை, மேலே கறுப்புச் சட்டைகள் அளவு வாரியாக அடுக்கியிருக்கும், ஓரத்தில் கேசட்டுகள். ஒன்றை எடுத்து உறையை உருவி விரித்துப் பாருங்கள், ஃபோட்டோஸ்டாட் எடுத்த தாள், உள்ளே பொடி எழுத்தில் வரிகள், பதிவான ஸ்டுடியோ, நன்றிப் பட்டியல். அந்த நன்றிப் பட்டியலைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் யார் யாரோடு சேர்ந்து இயங்குகிறார்கள் என்பதற்கு அதைவிட நல்ல வரைபடம் இல்லை. அதில் வரும் ஒவ்வொரு பேண்ட் பெயரும் அடுத்த வாரத்துக்கான வேலை.

கடை என்றால் கம்போங் அத்தாப்பில் சோங்ஷான் கட்டடத்தில் இருக்கும் தண்டாங், அது உள்ளூர் பங்க், ஹார்ட்கோர் (வேகமான, கரடுமுரடான ராக் வகைகள்) தேடுகிறவர்களுக்கு. பழைய எல்பி, சிடி என்றால் பெட்டாலிங் ஜெயாவில் தாமான் ஜெயா எல்ஆர்டி நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள அம்கார்ப் மால், வார இறுதியில் போங்கள்.

பழையவர்களையும் தெரிந்துகொள்ள வேண்டும். 1980களின் இறுதியில் ஆஸ்திரேலியாவில் படிக்கப் போன மலேசிய மாணவர்கள் ஆரம்பித்த த்ராஷ் பேண்ட் குரோமோக். டெத் மெட்டலுக்கு சில் கன்னாஸ், அப்புறம் ஹியூமிலியேஷன். இந்த மூன்றையும் கேட்டுவிட்டு இன்றைய கோலாலம்பூர் பேண்டுகளுக்கு வந்தால் எது எங்கிருந்து வருகிறது என்று காது தானாகவே சொல்லும்.

தமிழர்கள் வாசிக்கும் மெட்டல் இருக்கிறதா?

இருக்கிறது, அதுவும் பக்கத்திலேயே. சிங்கப்பூரின் ருத்ரா 1992இல் தொடங்கியது, முதல் ஆல்பம் 1998. பாடகரும் பேஸ் வாசிப்பவருமான கதிர் ஆரம்பத்திலிருந்து கொண்டுசெல்லும் பேண்ட். டெத் மெட்டலுக்குள் சமஸ்கிருத சுலோகங்களையும் வேதாந்தத்தையும் வைத்து, தங்கள் இசைக்கு வேதிக் மெட்டல் என்று தாங்களே பெயர் வைத்தவர்கள். 2005இல் வந்த 'பிரம்மவித்யா: பிரைமார்டியல் ஐ' என்ற ஆல்பத்தை முதலில் கேளுங்கள். இன்றும் நிற்கவில்லை, 2022இல்கூட முழு ஆல்பம் போட்டார்கள். பத்திரிகையில் நம்மைப் போன்ற முகங்களைத் தேடிக்கொண்டிருந்த காலத்தில் ருத்ராவின் படம் எனக்குக் கொடுத்த தைரியம் பெரியது.

தமிழ்மொழியிலேயே மெட்டல் என்றால் குறைவுதான், அந்த இடம் இன்னும் காலியாக இருக்கிறது, யாராவது வந்து நிரப்ப வேண்டும். தமிழில் சுயாதீன இசை என்று பார்த்தால் நிறைய இருக்கிறது. 2006இல் யோகி பி அண்ட் நட்சத்ரா 'வல்லவன்' ஆல்பத்தைப் போட்டபோது மலேசியத் தமிழ் ராப் சினிமா இல்லாமலே தமிழ்நாடு வரைக்கும் போனது. சென்னையில் 2018இல் மேடையேறிய தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ், அதைத் தொடக்கத்தில் வழிநடத்திய டென்மா, அவர் கபேர் வாசுகியோடு சேர்ந்து நடத்திய குரங்கன் என்று இங்கேயும் பெயர்களைப் பிடித்துக்கொண்டே போகலாம், முறை அதேதான்.

பிளாக் மெட்டல் கேட்டால் பிரச்சினை வருமா?

பிளாக் மெட்டல் என்பது சாத்தான், மத எதிர்ப்பு போன்றவற்றோடு சேர்த்துப் பேசப்படும் மெட்டல் வகை. இந்தப் பேச்சு 2001இல் பள்ளிகளில் மாணவர்களிடம் பிளாக் மெட்டல் தேடி நடந்த சோதனைகள் காலத்திலிருந்தே இருக்கிறது. 2006இல் மலேசியாவின் தேசிய ஃபத்வா மன்றம் பிளாக் மெட்டல் இஸ்லாத்துக்கு முரணானது என்று முடிவு சொன்னது. வெளிநாட்டு பேண்ட் வந்து வாசிக்க வேண்டுமென்றால் புஸ்பால் என்ற அரசுக் குழுவின் அனுமதி வேண்டும், 2013இல் லாம்ப் ஆஃப் காட் இங்கே வாசிக்க முடியாமல் போனது அந்த அனுமதி கிடைக்காததால்தான். அதே வருடம் மெட்டாலிக்கா மெர்டேக்கா ஸ்டேடியத்தில் வாசித்தது. ஆகவே டிக்கெட் வாங்கும்போது அனுமதி வந்துவிட்டதா என்று ஏற்பாட்டாளரிடம் கேட்பதில் கூச்சம் வேண்டாம். இங்கே வராவிட்டால் சிங்கப்பூர், அல்லது ஜகார்த்தாவின் ஹேமர்சானிக் விழா.

வினைல் (எல்பி) வெளிநாட்டிலிருந்து வாங்கலாமா?

வாங்கலாம், ஆனால் தனியாக வாங்காதீர்கள். ஒரு எல்பிக்கு ஐரோப்பாவிலிருந்து வரும் தபால் செலவு சில சமயம் எல்பியின் விலையையே தாண்டும். நான்கைந்து பேர் சேர்ந்து ஒரே பெட்டியாக வரவழைத்தால் தலைக்குக் குறையும். 2024 ஜனவரி முதல், இங்கே பதிவு செய்துள்ள விற்பனையாளரிடம் இணையத்தில் வாங்கும் 500 ரிங்கிட்டுக்கு உட்பட்ட இறக்குமதிப் பொருளுக்கு 10 விழுக்காடு வரி உண்டு, அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். முதலில் உள்ளூர் டிஸ்ட்ரோக்களிடம் (சின்ன லேபிள்களின் இசையை வரவழைத்து விற்கும் ஆட்களிடம்) கேளுங்கள், நீங்கள் தேடும் அதே எல்பி செராசில் ஒருவர் வீட்டு அலமாரியில் விற்பனைக்கு இருக்கும்.

இவ்வளவும் எப்போது கேட்பது?

எல்லாவற்றையும் கேட்க முடியாது, கேட்கவும் வேண்டாம். வாரத்துக்கு மூன்று புது ஆல்பம், அதில் ஒன்றையாவது முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை கைப்பேசியைத் தொடாமல். எல்ஆர்டி இதற்கு அருமையான இடம். சிங்கப்பூர் கிரைண்ட்கோர் (மிக வேகமான, குட்டிப் பாட்டுகள் கொண்ட வகை) பேண்ட் வோர்ம்ராட்டின் 2022 ஆல்பம் 'ஹிஸ்' அரை மணிக்குச் சற்றே கூட, செந்தூலில் ஏறினால் பண்டார் தாசிக் செலாத்தான் வருவதற்குள் ஏறக்குறைய முடிந்துவிடும். பிடிக்கவில்லை என்றால் உடனே தீர்ப்புச் சொல்லாமல் மூன்று வாரம் விட்டுத் திரும்பக் கேளுங்கள். டூம், பிளாக் மெட்டல் இரண்டுக்கும் இது கட்டாயம், அவை முதல் தடவையிலேயே கதவைத் திறக்காது.

இசைக்குழுவே இல்லாமல் ஏஐ செய்த ஆல்பங்களை எப்படி அடையாளம் காண்பது?

பெயர்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். 2025இல் தி வெல்வெட் சன்டவுன் என்ற பெயரில் வந்த ஒன்றை ஸ்பாட்டிஃபையில் மாதம் பத்து லட்சம் பேருக்குமேல் கேட்டார்கள், அப்புறம்தான் அது ஏஐ என்று தெரிந்தது. மேடையில் வாசித்த வீடியோ, பதிவான ஸ்டுடியோ, இதற்குமுன் வேறு பேண்டில் இருந்த ஓர் ஆள், இப்படி எதுவுமே இல்லாமல் சில வாரத்தில் இரண்டு மூன்று ஆல்பம் வந்தால் விலகிவிடுங்கள்.

அம்மா "என்னடா இது பேய் கத்துது" என்கிறார். என்ன செய்வது?

இரவில் ஹெட்ஃபோன். பகலில் ஒருநாள் அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்து டிரம்ஸ் மட்டும் கவனிக்கச் சொல்லுங்கள். தைப்பூசத்தில் பத்துமலைப் படியில் உருமி மேளம் உச்சத்துக்குப் போகும்போது உடம்பில் என்ன நடக்கிறதோ அதைத்தான் இரண்டு காலாலும் அடிக்கும் டபுள் பேஸ் டிரம்மும் செய்கிறது. உருமி கேட்டு வளர்ந்த வீட்டில் இதைப் புரியவைப்பது அவ்வளவு கடினமில்லை.

நானே ஒரு டெமோ வெளியிடப் போகிறேன். என்னை எப்படி ஆட்கள் கண்டுபிடிப்பார்கள்?

இதைக் கேட்கிறவர்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும். பேண்ட்கேம்ப்பில் போடுங்கள், டேகில் வகையை மட்டும் போட்டு நிறுத்தாமல் ஊர்ப்பெயரையும் போடுங்கள், வெளிநாட்டில் ஊர்ப்பெயரை வைத்தே தேடுகிறவர்கள் நிறைய. ஒவ்வொரு பாட்டிலும் யார் என்ன வாசித்தார்கள், எங்கே எப்போது பதிவானது, மிக்ஸ் யார், அட்டை யார் என்று ஒன்றுவிடாமல் எழுதுங்கள், கிளாங்கில் ஒரு படுக்கையறையில் பதிவு செய்திருந்தாலும் அப்படியே எழுதுங்கள். இரண்டு முழு ஆல்பம் வந்தபிறகு மெட்டல் ஆர்க்கைவ்ஸ் பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருக்க வேண்டாம், டெமோவுக்கே இடம் உண்டு, விதிகளைப் படித்துவிட்டு அனுப்புங்கள். லேபிளுக்கு மெயில் எழுதினால் ஒரு பேண்ட்கேம்ப் இணைப்பு, நான்கு வரி, அவ்வளவுதான். கேசட்டாகவும் கொஞ்சம் அடித்து வையுங்கள், அடுத்த கிக்கில் மேசைக்கு வருகிறேன், ஒன்று எனக்கு எடுத்து வையுங்கள்.